சின்னப் பிள்ளைப் பாட்டுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது?

பிள்ளை, மற்றவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் உம்முடைய கேள்வியை முதலில் அப்படியே எடுத்துப் போடுகிறேன். "ரீச்சர், வெள்ளவத்தையில் மகள் போகும் நேர்சரியில் 'றிங்கா றிங்கா றோசஸ்' பாடிக் கொடுக்கிறார்கள். அது லண்டனில் பிளேக் நோயில் செத்தவர்களைப் பற்றிய பாட்டு என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மாமி அதை வாசித்துவிட்டு, பிள்ளையின் வாயில் சாவுப்பாட்டு வேண்டாம் என்கிறா. நம்முடைய 'நிலா நிலா ஓடி வா'வுக்குள் யோக ரகசியம் இருக்கிறது என்றும் அதே செய்தியில் எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் உண்மையா? பாட விடலாமா?"

பாட விடும். அது சாவுப்பாட்டு இல்லை என்று மாமிக்கும் சொல்லும். மற்றது யோகப் பாட்டும் இல்லை. எந்தத் துணிவில் இப்படி இல்லை, இல்லை என்கிறேன் என்று மாமி கேட்பா. அதற்குத்தான் இந்த நீளம். ஒரு தேத்தண்ணி போட்டு எடுத்துக்கொண்டு வந்து இரும்.

பிளேக் கதையில் தொடங்குவோம். பாட்டில் வரும் றோசா வளையம் என்பது நோயாளியின் தோலில் தோன்றும் சிவந்த வட்டமாம். பையில் பூங்கொத்து வைப்பது பிண நாற்றத்துக்காம். 'அட்டிஷூ' என்பது தும்மல். கடைசியில் எல்லோரும் விழுவது சாவு. முதல் தடவை கேட்கும்போது மயிர் கூச்செறியும், ஒரு சொல்லும் மிச்சமில்லாமல் பொருந்துகிறதே என்று. எனக்குச் சந்தேகம் வந்ததே அந்தப் பொருத்தத்தால்தான். வாய் மாறி வாய் மாறி வந்த பாட்டில் இரண்டு சொல்லாவது இடறவேண்டும். இடறாத விளக்கம் பெரும்பாலும் பாட்டைப் பார்த்துத் தைத்த சட்டை.

இப்படியான கதை காதில் விழுந்தால் நான் இரண்டு வருடங்களைத் தேடுவேன். பாட்டு முதலில் அச்சில் வந்த வருடம் ஒன்று. அந்த விளக்கத்தை முதலில் யாரோ சொன்ன வருடம் மற்றது. சம்பவம் நடந்த வருடத்தை இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கதைகள் தாமாகவே கழன்றுவிடும்.

லண்டனில் அந்தப் பெரிய பிளேக் வந்தது 1665 இல். பாட்டு இங்கிலாந்தில் அச்சேறியது 1881 இல், கேட் கிரீனவே படம் வரைந்த 'மதர் கூஸ்' என்ற குழந்தைப் பாட்டுப் புத்தகத்தில். இடையில் 216 வருடம். அந்த இடைவெளியில் ஆட்கள் எழுதாமல் இருக்கவும் இல்லை. சாமுவேல் பீப்ஸ் பிளேக் காலத்து லண்டனில் இருந்து நாட்குறிப்பு எழுதினவர், சாப்பாடு, சண்டை, சரசம் ஒன்றையும் விடாத மனிதர். அவருடைய குறிப்பில் இந்தப் பாட்டு இல்லை. டானியல் டீஃபோ 1722 இல் அந்தப் பிளேக் வருடத்தைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதிலும் இல்லை. 18 ஆம் நூற்றாண்டின் நடுவில் குழந்தைப் பாட்டுப் புத்தகங்கள் அச்சாகத் தொடங்கிவிட்டன. அவற்றிலும் இதைக் காணோம்.

அப்புறம், 1881 புத்தகத்தில் தும்மலே கிடையாது. மூன்றாவது அடி "ஹஷ், ஹஷ், ஹஷ், ஹஷ்" என்று போகிறது. அதாவது சத்தம் போடாதே என்பது. இதில் எனக்கு ஒரு சொந்த வெட்கம் உண்டு. என் பேத்தி நேர்சரியில் இருந்து வந்து "ஹஷா புஷா" என்று பாடினபோது, பழைய இங்கிலீஷ் ரீச்சர் அல்லவா, "அட்டிஷூ என்று சொல்ல வேணும், குஞ்சு" என்று திருத்தினேன். பிறகு கிரீனவேயின் வரிகளைப் பார்த்தால் என்னைவிட அவள்தான் அதற்குக் கிட்ட நிற்கிறாள். திருத்தின வாயை மூடிக்கொண்டேன்.

அமெரிக்காவில் வில்லியம் வெல்ஸ் நியூவெல் 1883 இல் பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டுகளைத் தொகுத்தார். மசாசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் 1790 அளவில் பாடப்பட்டது என்று இதன் ஒரு வடிவத்தை அவர் தருகிறார். அதில் ஊர்ப் பெண்களெல்லாம் ஜோசி என்ற பிள்ளைக்காகச் சுற்றுகிறார்கள். தும்மலும் இல்லை, விழுவதும் இல்லை. வேறு பழைய வடிவங்களில் கடைசியில் விழாமல் முழங்காலை மடித்து வணக்கம் செய்கிறார்கள். சாவுக்கு அடையாளம் என்று சொல்லப்படும் அந்த இரண்டு செய்கையும் கழன்று கழன்று மாட்டக்கூடிய உறுப்புகள் என்றால் சாவு எங்கே போனது?

மருத்துவமும் ஒத்துவரவில்லை. அந்தப் பிளேக்கின் அடையாளம் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி வீங்குவது. றோசா நிற வட்டமும் தும்மலும் அதற்குரியவை அல்ல.

சரி, விளக்கம் எப்போது வந்தது? இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டித்தான் அது பரவலாகிறது. அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்ற தம்பதி 1951 இல் ஒக்ஸ்ஃபோர்ட் குழந்தைப் பாட்டு அகராதியை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் இன்றைக்கும் அதுதான் ஆதாரப் புத்தகம். அவர்களுக்கே இந்தக் கதை நம்பும்படி இல்லை. 1961 இல் ஜேம்ஸ் லீசர் லண்டன் பிளேக்கையும் பெருந்தீயையும் பற்றி எழுதின புத்தகத்தில் அது உறுதியான செய்தி மாதிரி வந்தது. அதற்குப் பிறகு பாடசாலை, சுற்றுலா வழிகாட்டி, இப்போது உம்முடைய மாமியின் போன். நோய்க்கு வயது முந்நூற்றைம்பதுக்கு மேல், பாட்டின் அச்சுக்கு நூற்று நாற்பது சொச்சம், விளக்கத்துக்கோ என் வயதுதான்.

இடையில் ஒன்று. பிளேக் எங்கள் கொழும்புக்கும் வந்தது, 1914 இல். ஆட்கள் செத்தார்கள், நகரம் பயந்தது. அதை வைத்து யாரும் ஒரு குழந்தைப் பாட்டுக் கட்டி நான் கேட்டதில்லை. பயம் பாட்டாகத்தான் வரவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

மற்ற இங்கிலீஷ் பாட்டுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ஜாக்கும் ஜில்லும் தலை வெட்டுப்பட்ட பிரெஞ்சு அரசன் பதினாறாம் லூயியும் அவனுடைய ராணியும் என்பார்கள். அவர்களுக்குத் தலை போனது 1793 இல், பாட்டு அதற்கு முன்பே புத்தகத்தில் இருக்கிறது. போதாததற்கு ஒரு பழைய புத்தகத்தில் ஜாக்குக்குப் பக்கத்தில் நிற்பது பெண்பிள்ளையே இல்லை, படத்தில் இரண்டும் பையன்கள். 'பா பா பிளாக் ஷீப்' 1275 இல் போட்ட கம்பளி வரியைப் பற்றியது என்கிறார்கள். பாட்டு அச்சில் வந்தது 1744 அளவில். 469 வருடத்துக்கு ஒரு வரியை நினைத்து அழுகிற சனம் இருந்தால் எங்கள் திறைசேரி அவர்களைத் தேடிப் பிடிக்கவேண்டும். 'மேரி மேரி குவைட் கொன்றரி'க்கு இரண்டு ராணிகளைச் சொல்கிறார்கள், இங்கிலாந்து மேரி ஒன்று, ஸ்கொட்லாந்து மேரி மற்றது. ஒரு பாட்டுக்கு இரண்டு எதிரெதிர் ஆட்களும் சரியாகப் பொருந்துகிறார்கள் என்றால் சட்டை பொதுச் சட்டை என்று விளங்குகிறதுதானே?

ஹம்ப்டி டம்ப்டிக்கு மட்டும் கொஞ்சம் நிற்கவேண்டும். அவன் முட்டை என்று பாட்டில் எங்கேயும் இல்லை, போய்ப் பாரும். 1797 இல் அச்சான வடிவத்திலும் இல்லை. ஏனென்றால் அது விடுகதை. மதிலில் இருந்து விழுந்தால் ராசாவின் ஆட்கள் எல்லோரும் சேர்ந்தாலும் ஒட்டமுடியாதது எது? விடையைப் பாட்டுக்குள் சொன்னால் விடுகதை செத்துப் போகும். பிறகு 1871 இல் லூயிஸ் கரோல் தன் கதையில் அவனை முட்டையாகவே கொண்டுவந்து மதிலில் இருத்தினார், விடை எல்லோருக்கும் தெரிந்துபோனது. விடை தெரிந்தால் விடுகதையில் ருசி இல்லை, சனம் வேறு ரகசியம் தேடத் தொடங்கிவிட்டது. 1648 இல் கொல்செஸ்டர் முற்றுகையில் விழுந்த பீரங்கி என்கிறார்கள் சிலர். 1956 இல் டேவிட் டௌபே என்ற ஒக்ஸ்ஃபோர்ட் சட்டப் பேராசிரியர், 1643 குளொஸ்டர் முற்றுகையில் உடைந்த ஒரு போர்க்கருவி அது என்று எழுதினார். அவர் எழுதினது பாதி வேடிக்கைக்கு. வேடிக்கையைச் சனம் வேதமாக எடுத்துக்கொண்டது.

இந்த வியாதி வட்ஸ்அப்போடு வந்தது இல்லை. 1834 இல் ஜோன் பெலண்டன் கெர் என்பவர் இங்கிலீஷ் குழந்தைப் பாட்டுகள் எல்லாம் உண்மையில் பழைய டச்சு மொழியில் பாதிரிமாரைத் திட்டின பாட்டுகள், காலப்போக்கில் இங்கிலீஷ் மாதிரிக் கேட்கத் தொடங்கிவிட்டன என்று ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு அவர் காட்டின டச்சு பெரும்பாலும் அவரே உண்டாக்கினது. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், காலத்து வீதிப் பெயர்களோடு வாழ்கிற கொழும்பு ஆட்களுக்கு இந்தக் கதை இன்னும் கொஞ்சம் கூடச் சிரிப்புத் தரும்.

இனி நம்முடைய பாட்டுகள். இங்கே ஒரு கஷ்டம் உண்டு. ஓப்பி தம்பதிக்கு இருநூறு வருடத்து அச்சுப் புத்தகங்கள் இருந்தன. தமிழில் தாலாட்டையும் வயல் பாட்டையும் தேடிப் போனவர்களில் பலர், பிள்ளைகள் தரையில் இருந்து முணுமுணுக்கிறதைப் பாட்டு என்றே கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே அச்சான வருடத்தை வைத்து வெட்டுகிற கத்தி இங்கே சில இடங்களில்தான் வெட்டும்.

வெட்டுகிற இடத்தை முதலில் சொல்கிறேன். "தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு" யாருடையது என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் நாட்டார் பாடல் என்பார்கள். அதை எழுதினது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, 1876 இல் பிறந்து 1954 இல் மறைந்தவர். நம்மூர்க் கணக்கில் "ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை". அதுவும் ஊர்ப்பாட்டு இல்லை. தங்கத்தாத்தா என்று பெயரெடுத்த நவாலியூர் சோமசுந்தரப் புலவர் எழுதினது. அவர் காலம் 1878 முதல் 1953 வரை. இங்கே தெகிவளைப் பக்கம் ஒரு வீட்டில் ஆடி முதலாம் திகதி கூழ் காய்ச்சிக்கொண்டே ஒரு ஐயா எனக்கு விளக்கம் சொன்னார், அந்த 'விடுதலை' வெள்ளைக்காரனிடம் இருந்து கேட்ட விடுதலை, மறைபொருளாக வைத்திருக்கிறார் என்று. ஐயா, அது பள்ளிக்கூட லீவு. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும் உண்டு, அந்தச் சந்தோஷம். எழுதினவர் பெயரும் காலமும் தெரிந்த பாட்டுக்கே இந்தக் கதி என்றால் பெயர் தெரியாதவற்றைக் கேட்கவா வேண்டும்?

இங்கிலீஷிலும் இப்படி உண்டு. 'டுவிங்கிள் டுவிங்கிள்' ஜேன் டெய்லர் என்ற பெண்மணி எழுதி 1806 இல் வந்த கவிதை. 'மேரி ஹாட் எ லிட்டில் லாம்ப்' அமெரிக்காவில் சாரா ஜோசஃபா ஹேல் 1830 இல் வெளியிட்டது. ஒரு பாட்டு எழுதினவரின் பெயரைத் தொலைக்க இரண்டு தலைமுறை போதும்.

இப்போது நிலாவுக்கு வருவோம். உமக்கு வந்த செய்தியில் மலை என்பது தலை உச்சியில் உள்ள சக்கரமாம், மல்லிகைப்பூ ஞானமாம். நான் கேட்பது ஒன்றுதான்: மலைக்கு ஏன் மல்லிகை? தாமரை ஏன் இல்லை? ஞானத்துக்குத் தாமரைதானே வழமையான பூ? விடை சுலபம். மலைக்கும் மல்லிகைக்கும் மோனை. நிலாவுக்கு 'நில்லாமல்'. இன்னொரு வடிவத்தில் "பட்டம் போல பறந்து வா, பம்பரம் போல சுற்றி வா" என்று வரும், அங்கேயும் பகரம் தொட்டுத் தொட்டு ஓடுகிறது. 'காக்கா காக்கா'வைப் பாரும். காக்கா கொண்டுவருவது கண்ணுக்கு மை. குருவி கொண்டைக்குப் பூ. கொக்கு குழந்தைக்குத் தேன். கிளி கிண்ணத்தில் பால். காகம் கறுப்பு, அதனால்தான் மை என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அப்படியானால் கொக்குக்கும் தேனுக்கும் என்ன உறவு? ஒன்றும் இல்லை. காவுக்குக் க, குவுக்குக் கொ, கொவுக்குக் கு, கிக்குக் கி. ஓசைதான் சாமான்களைத் தெரிவு செய்கிறது. ஜில் ஏறினது 'ஹில்' ஆனதும் இதே நியாயத்தில்தான்.

ஆனாலும் நிலாப் பாட்டு வெறும் ஓசை என்று தள்ளிவிடவும் என்னால் ஏலாது. அகநானூற்றில் 54 ஆவது பாட்டை எடுத்துப் பாரும். வேலை முடிந்து திரும்பும் தலைவன் தேர்ப்பாகனிடம் கெதியாக விடு என்கிறான். வீட்டில் மனைவி பிள்ளையை வைத்துக்கொண்டு நிலவைக் கூப்பிடுவாள், அதைப் பார்க்கவேணும் என்கிறான். அவள் சொல்வது: "முகிழ்நிலாத் திகழ்தரும் மூவாத் திங்கள், பொன்னுடைத் தாலி என்மகன் ஒற்றி வருகுவை ஆயின் தருகுவென் பால்." நிலாவே, என் மகனிடம் வந்தால் உனக்குப் பால் தருவேன். தாலி என்றதும் திடுக்கிட வேண்டாம், அது அந்தக் காலத்தில் பிள்ளைக்குக் கட்டின அணி. சங்க காலத்து அம்மா நிலவுக்குக் கொடுக்கிற அதே லஞ்சத்தை நேற்று இரவு காலிமுகத்திடலில் ஒரு அம்மா கொடுத்துக்கொண்டிருந்தா, கையில் பால் போத்தலோடு.

பெரியாழ்வாரும் இதைத்தான் செய்கிறார். உனக்குக் கண் இருந்தால் என் மகன் கோவிந்தனின் ஆட்டத்தை வந்து பார் என்று சந்திரனைச் சீண்டுகிறார். பிறகு பிள்ளைத்தமிழில் அது அம்புலிப் பருவம் என்று ஒரு தனிப் பகுதியாகவே ஆகிவிட்டது. 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடின குலோத்துங்கன் பிள்ளைத்தமிழில் தொடங்கி எத்தனையோ பேர் நிலவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு நான்கு உபாயம்: கெஞ்சுவது, பிரித்துப் பேசுவது, கொடுப்பதாகச் சொல்வது, கடைசியில் வெருட்டுவது. சாப்பிடாத பிள்ளைக்கு நீர் செய்கிற அதே வரிசை.

நான் கண்டுகொண்ட ஒரே விஷயம் இதுதான். சொல் இளசு, செயல் கிழடு. நிலவைக் கூப்பிடுகிற வழக்கம் சங்க காலத்தில் இருந்து அறாமல் வருகிறது. "நிலா நிலா ஓடி வா" என்ற சொற்கள் அவ்வளவு பழையவை என்று காட்ட ஒன்றும் இல்லை. கை வீசுவதும் அப்படி. பெரியாழ்வார் சப்பாணி கொட்டச் சொன்ன பிள்ளையை நாம் கைவீசச் சொல்கிறோம். பிள்ளையின் கையை ஆட்டிப் பழக்குகிற வேலை ஒன்று, பாட்டு மாறிவிட்டது. "மிட்டாய் வாங்கலாம் கைவீசு" என்ற அடியில் மிட்டாயே வடக்கில் இருந்து வந்த சொல். அந்தச் சொல் தமிழுக்கு வருமுன் அந்த அடி இருந்திருக்க ஏலாது. அதற்காக முழுப் பாட்டுக்கும் அதே வயது என்றும் சொல்லக்கூடாது. ஒரு அடியை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகுவது இந்தப் பாட்டுகளில் மிகச் சுலபம். என் பேத்தி "கீல்ஸ் போகலாம் கைவீசு" என்கிறாள், கீல்ஸ் என்றால் இங்கத்தைய சுப்பர்மார்க்கெட். நூறு வருடத்தில் யாராவது அதை வைத்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதட்டும்.

ஆனைப் பாட்டில் ஊர்த் தடயம் தெளிவாகவே இருக்கிறது. "ஆனை ஆனை அழகர் ஆனை, அழகரும் சொக்கரும் ஏறும் ஆனை." அழகரும் சொக்கரும் ஒரே மூச்சில் வருகிற ஊர் மதுரை. பிறகு காவேரித் தண்ணியைக் கலக்குகிறது. கொழும்புப் பிள்ளைக்கு அழகரையும் தெரியாது, காவேரியையும் தெரியாது. அது மனதில் காண்கிற ஆனை மாசி மாதத்தில் கங்காராமை விகாரையின் நவம் பெரஹரா ஊர்வலத்தில் பேர வாவியைச் சுற்றி நடக்கிற ஆனை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கு "ஒன்ன பபோ எதின்னியா" என்று பெண் ஆனையைக் காட்டிப் பாடுகிறார்களே, அந்த ஆனையும் இதோடு சேர்ந்துவிடும். கடைசியில் குட்டி ஆனைக்குக் கொம்பு முளைத்து அது பட்டணமெல்லாம் பறந்தோடிப் போகிறது. இதை ஒரு படையெடுப்பின் நினைவு என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எந்தப் படை, எந்த வருடம் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஒன்று மட்டும் சொல்லலாம்: 'யானை' என்று திருத்திப் பாடினால் அழகரோடு மோனை போய்விடும். 'ஆனை' என்கிற வாயில்தான் அந்தப் பாட்டுப் பிறந்திருக்கிறது. புத்தகம் போடுகிறவர்கள் இதை மறந்து யானை ஆக்கிவிடுகிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது கீச்சு மாச்சு. நான் வளர்ந்த யாழ்ப்பாணத்து வளவில், மணலைக் கரை மாதிரி நீளமாகக் குவித்து, அதற்குள் ஒரு ஈர்க்குத் துண்டை ஒளித்துக்கொண்டே "கீச்சு மாச்சுத் தம்பலம், கீயா மாயாத் தம்பலம்" என்று பாடுவோம். மற்றப் பிள்ளை இரண்டு கையையும் கோத்து ஒரு இடத்தில் பொத்தவேணும். ஈர்க்கு அதற்குள் இருந்தால் வெற்றி. கொழும்புக்கு வந்த பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போனேன். அவர்கள் தமிழ்நாட்டில் இருந்து வந்த குடும்பம். அவளுடைய அம்மா சொன்னா, அது பிழை, "கிச்சுக்கிச்சுத் தாம்பாளம், கிய்யாக்கிய்யாத் தாம்பாளம், மச்சு மச்சுத் தாம்பாளம், மாயா மாயாத் தாம்பாளம்" என்பதுதான் சரி என்று. இரண்டு பேரும் விட்டுக் கொடுக்கவில்லை. ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை.

இப்போது யோசித்தால் அந்தச் சண்டைக்குள் ஒரு நல்ல பாடம் கிடக்கிறது. தாம்பாளம் என்றால் தட்டு, மணல் குவியலைத் தட்டாக நினைத்தார்கள் என்று அவள் அம்மா விளக்கினா. தம்பலம் என்றால் வெற்றிலைச் சாறு, மழைக்கு வருகிற சிவப்புத் தம்பலப்பூச்சியும் உண்டு, அதை மணலில் தேடினதுதான் விளையாட்டு என்று எங்கள் பக்கத்தில் ஒரு ஆச்சி சொன்னா. இரண்டு விளக்கமும் அழகு. ஆனால் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாரும். ககரத்தில் ஒரு சொல், மகரத்தில் ஒரு சொல், அதே தாளம், முடிவில் 'தம்பலம்' அல்லது 'தாம்பாளம்'. கடல் கடந்தும் மாறாமல் நிற்பது அந்த ஓசைக்கூடு. பொருள் உள்ள ஒரே சொல் எதுவோ அதுதான் இரண்டு கரையிலும் வேறு வேறாக இருக்கிறது. அப்படியென்றால் பொருள் பிறகு வந்து குடியேறினது என்று நினைக்க எனக்கு நியாயம் இருக்கிறது. காதுக்குப் பழக்கமான ஒரு சொல்லை ஒவ்வொரு ஊரும் கூட்டுக்குள் வைத்துக்கொண்டது. இதை என் ஊகமாகவே எடுத்துக்கொள்ளும். வெள்ளவத்தை மாடி வீடுகளில் இப்போது மணலும் இல்லை. ரயில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போனால்தான் ஈர்க்கு ஒளிக்கலாம்.

பயமான வரிகளைப் பற்றியும் மாமி கேட்கக்கூடும். இங்கிலீஷில் 'றொக் எ பை பேபி'யில் கொப்பு முறிந்து தொட்டில் விழுகிறது. சிங்களத் தாலாட்டு "தொயி தொயி தொய்ய பபா"வில் பால் முட்டி ஆற்றோடு போகிறது. தமிழ்த் தாலாட்டில் ஆர் அடித்து நீ அழுதாய் என்று மாமனையும் அத்தையையும் ஒவ்வொருவராக விசாரிக்கிறார்கள், அடித்தது மல்லிகைப்பூச் செண்டாலே என்றாலும். இவற்றுக்குப் பின்னால் ஒவ்வொரு கொலைக்கதை தேடுகிறவர்கள் இரவு மூன்று மணிக்குத் தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தவர்களாக இருக்க முடியாது. அந்த நேரத்தில் வாயில் வருவது எதுவும் வரும். பிள்ளைக்கு வேண்டியது சொல் இல்லை, குரல். தாலாட்டு என்ற சொல்லிலேயே தால் என்பது நாக்கு. நாக்கை ஆட்டுவது, அவ்வளவுதான்.

கடைசியாக, எனக்கே முடிச்சு அவிழாத ஒன்று. "பூப்பறிக்க வருகிறோம், பூப்பறிக்க வருகிறோம்" என்று இரண்டு வரிசையாக நின்று முன்னும் பின்னும் போய் விளையாடுவோமே, "எந்த மாதம் வருகிறீர்? டிசம்பர் மாதம் வருகிறோம், யாரைத் தேடி வருகிறீர்?" என்று ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி இழுப்போமே, அது. இங்கிலீஷில் 'நட்ஸ் இன் மே' என்று அச்சு அசல் இதே விளையாட்டு உண்டு. இரண்டு வரிசை, மாதம், யாரை எடுப்பீர்கள் என்ற கேள்வி, இழுபறி, எல்லாம் ஒன்று. அலிஸ் கோம் 1894 இல் முதல் பாகம் வெளியிட்ட விளையாட்டுத் தொகுப்பில் இது ஒரு காலத்தில் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கலியாணம் கட்டினதன் மிச்சம் என்று எழுதினா. பெரிய படிப்பாளிதான், ஆனால் எதைப் பார்த்தாலும் ஆதிகாலத்துச் சடங்கு தெரிகிற கண். 'லண்டன் பிரிட்ஜ்' பாட்டிலும் அவவுக்குப் பலி கொடுக்கப்பட்ட ஆள் தெரிந்தது. மே மாதத்தில் கொட்டை காய்க்காது, அங்கே அது பூக்காலம். அதனால் 'நொட்ஸ் ஒஃப் மே', அதாவது அந்த மாதத்துப் பூங்கொத்து, என்பதுதான் 'நட்ஸ்' ஆனது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. நம்முடைய பாட்டில் பறிப்பது பூ! இது மிஷன் பள்ளிக்கூட ரீச்சர்மார் கொண்டுவந்து இறக்கினதா, அல்லது இரண்டும் தனித்தனியே முளைத்ததா? அந்த 'டிசம்பர்' என்னை முதலாவது விடையின் பக்கம் சாய்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை என்று தமிழ் மாதம் வருகிற பழைய வடிவம் ஒன்று கிடைத்தால் சாய்வு மாறும்.

உம்முடைய மாமி மட்டக்களப்பு என்று சொன்னதாக ஞாபகம். அவ சின்ன வயதில் எந்த மாதம் பூப்பறிக்கப் போனா என்று கேட்டுச் சொல்லும். அடிகளை அவ சொல்கிறபடியே எழுதும், திருத்த வேண்டாம். நான் ஒரு தடவை திருத்தி அவமானப்பட்டது போதும்.